பல்பு எப்படி எரிகிறது? கடைக்கு வருபவர்கள் கேட்ட கேள்விகள்

அகல் விளக்கில் எண்ணெய் எரிந்தது, அரிக்கேனில் மண்ணெண்ணெய் எரிந்தது. மின்சாரம் வந்த பிறகும் அதே சொல்லை வைத்துக்கொண்டோம். பல்பு எரிகிறது, டியூப் லைட் எரியவில்லை என்கிறோம். உண்மையில் இந்த விளக்குகளுக்குள் எதுவும் எரிவதில்லை. எரிய ஆரம்பித்தால் அந்த நொடியே விளக்கின் ஆயுள் முடிந்துவிடும்.

எலெக்ட்ரிக்கல் கடையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பல்பு வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் சாதாரணமாகத் தோன்றும். பதிலைத் தேடிப் போனால் அருமையான இயற்பியலில் கொண்டுபோய் விடும். மின்சாரத்தை வெளிச்சமாக்க மூன்றே வழிதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பொருளைத் தகதகவென்று சூடாக்கலாம், ஒரு வாயுவை எலக்ட்ரானால் அடிக்கலாம், ஒரு படிகத்துக்குள் எலக்ட்ரானைப் பள்ளத்தில் விழவைக்கலாம். கையிலிருக்கும் விளக்கு இதில் எந்த வகை என்று தெரிந்தால், அது செய்கிற சேட்டைக்கெல்லாம் காரணம் தானாகப் புரியும்.

குண்டு பல்புக்குள் எரிவது என்ன?

கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, இன்னும் ஊதினால் மஞ்சள் கலந்த வெள்ளை. குண்டு பல்பும் அதுதான். துருத்திக்குப் பதில் மின்சாரம், இரும்புக்குப் பதில் டங்ஸ்டன். 60 வாட்ஸ் பல்பில் கால் ஆம்பியர் அளவு மின்சாரம் தலைமுடியைவிட மெல்லிய கம்பி வழியாக நெருக்கியடித்துப் போகிறது. கம்பி சுமார் 2500 டிகிரி செல்சியஸுக்குக் காய்ந்து ஒளிர்கிறது. அந்தச் சூட்டில் இரும்பு எப்போதோ உருகி ஓடியிருக்கும். டங்ஸ்டன் உருக 3422 டிகிரி வேண்டும். உலோகங்களில் இதுதான் அதிகம்.

அந்தச் சூட்டில் காற்று பட்டால் டங்ஸ்டன் உண்மையிலேயே எரியும். கண்ணாடி விரிசல் விட்ட பல்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மின்னல், கொஞ்சம் புகை, உள்பக்கமெல்லாம் வெண்பொடி. அதனால்தான் காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கான் போன்ற, எதோடும் சேராத வாயுவை அடைக்கிறார்கள்.

எடிசன் 1879இல் கரியாக்கிய நூலை வைத்து எரியவிட்டார், பிறகு ஜப்பான் மூங்கிலைக் கரியாக்கிப் பயன்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் இதே வேலையில் வெற்றி கண்டிருந்தார், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். சுலபத்தில் நொறுங்கிவிடும் டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டவர் கூலிட்ஜ். கம்பியைச் சுருளாக்கி, வெற்றிடத்துக்குப் பதில் வாயு அடைத்தால் கம்பி மெதுவாகத் தேயும் என்று 1913 வாக்கில் காட்டியவர் லாங்மியூர். நம் வீட்டுக் கூடத்தில் தொங்கிய பல்பு இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது.

ஸ்விட்சைப் போட்ட நொடியில்தான் பல்பு பியூஸ் போகிறது. ஏன்?

சூடான டங்ஸ்டன் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், குளிர்ந்த டங்ஸ்டன் தடுக்காது. 60 வாட்ஸ் பல்பு எரியும்போது அதன் மின்தடை 880 ஓம் அளவில் இருக்கும். அணைந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. கம்பியும் நாள்பட நாள்பட ஆவியாகி மெலிந்துகொண்டே வருகிறது. பழைய பல்பின் உள்பக்கம் கறுப்பாகப் படிந்திருப்பது அப்படிப் பறந்துபோன டங்ஸ்டன்தான். எந்த இடம் அதிகமாக மெலிந்திருக்கிறதோ அது அந்த முதல் அடியில் அறுந்துவிடும்.

பைக் ஹெட்லைட்டில் வரும் ஹாலஜன் பல்பு இந்தத் தேய்மானத்துக்குக் கண்ட வைத்தியம். உள்ளே கொஞ்சம் அயோடின் அல்லது புரோமின் இருக்கும். கண்ணாடி பக்கம் போன டங்ஸ்டனைப் பிடித்து இழுத்துவந்து, சூடான கம்பியிடம் திரும்ப விட்டுவிடும். அதனால் கண்ணாடி கறுப்பதில்லை. இது நடக்கக் கண்ணாடியும் மிகவும் சூடாக இருக்க வேண்டும் என்பதால் குவார்ட்ஸில் செய்கிறார்கள். விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி அந்த இடத்தில் குவார்ட்ஸ் பழுதாகும், ஆகவே துணியால் பிடித்து மாட்டுங்கள்.

அந்தக் காலத்து பல்பு நூறு வருடம் எரிந்ததாமே? கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்களா?

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் மாட்டிய பல்பு இன்னமும் ஒளிர்கிறதாகப் புகழ்பெற்றது. ஆனால் அது இப்போது தருவது இரவு விளக்கு அளவு மங்கல் வெளிச்சம். கம்பியைக் குறைவாகச் சூடாக்கினால் எத்தனையோ காலம் வரும், வெளிச்சம் வராது. வெளிச்சம் வேண்டுமென்றால் ஆயுளை விட்டுக்கொடுக்க வேண்டும். இது இயற்கையின் கணக்கு.

அதேசமயம் 1924இல் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. அதற்கு மேல் உழைக்கும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம்கூட உண்டு. வாங்குகிறவனுக்குச் செய்த துரோகமாகவே அதை நான் பார்க்கிறேன்.

கோழிக்குஞ்சுக்கு எல்.இ.டி. போடலாமா?

வெளிச்சத்துக்கென்றால் போடலாம், கதகதப்புக்கென்றால் கூடாது. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மிச்சமெல்லாம் வெப்பம், பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராகக் குஞ்சின் மேல் நேராக விழும் வெப்பம். வீட்டில் வீணாகிற அதுதான் குஞ்சுக்கு உயிர். இன்றைக்கும் 100 வாட்ஸ் குண்டு பல்பு கேட்டு வருகிறவர்களில் குஞ்சு வளர்ப்பவர்கள் நிறைய.

ஜீரோ வாட்ஸ் பல்புக்குக் கரண்ட் ஓடாதுதானே?

ஓடும். பூஜ்யம் வாட்ஸில் எந்த விளக்கும் ஒளிராது. அந்தச் சின்ன பல்பு 10 முதல் 15 வாட்ஸ் வரை எடுக்கும். பழைய மீட்டரில் அவ்வளவு சிறிய ஓட்டத்துக்குச் சக்கரம் சரியாக அசையாது, அந்தப் பெயர் அப்படி நிலைத்தது. 15 வாட்ஸ் பல்பு இரவுக்குப் பத்து மணி நேரம், நம் இரண்டு மாதக் கணக்குக்கு 60 நாள் எரிந்தால் 9 யூனிட். அரை வாட்ஸ் எல்.இ.டி. இரவு விளக்கு அதே வேலையை 0.3 யூனிட்டில் செய்யும்.

டியூப் லைட் ஏன் உடனே எரியாமல் மினுக் மினுக் என்று யோசிக்கிறது?

தாமதமாகப் புரிந்துகொள்கிற ஆளை டியூப் லைட் என்று கேலி செய்கிறோம். அந்த இரண்டு நொடியில் அது எத்தனை வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் கேலி வராது.

குழாய்க்குள் கம்பி ஓடவில்லை. இரண்டு முனையிலும் சின்னச் சுருள் மட்டும், நடுவே நான்கு அடிக்கு வெறும் வாயு: கொஞ்சம் ஆர்கான், துளி பாதரசம். சும்மா இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தாது, 230 வோல்ட் அதற்குப் போதாது. இங்கேதான் ஸ்டார்ட்டர் வருகிறது. அந்தச் சின்ன டப்பிக்குள் வாயு அடைத்த குமிழும், சூடு பட்டால் வளையும் இரட்டை உலோகத் தகடும் இருக்கின்றன. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டரின் வாயு மெல்ல ஒளிர்ந்து தகட்டைச் சூடாக்கும். தகடு வளைந்து தொடும். இப்போது மின்சாரம் சோக் (இரும்பின் மேல் சுற்றிய கம்பிச்சுருள்) வழியாக இரண்டு முனைச் சுருளிலும் ஓடி, அவற்றைச் செந்நிறமாகக் காய்ச்சும். சுருளின் மேல் பூசிய மருந்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பத் தயாராகும். தகடு தொட்டுவிட்டதால் ஸ்டார்ட்டருக்குள் ஒளிர்வு நின்று தகடு ஆறும், ஆறியதும் விலகும். அப்படித் திடீரென்று ஓட்டம் அறுபடும்போது, சோக்கில் தேங்கியிருந்த காந்தப்புலம் சரிந்து பல நூறு வோல்ட்டை ஒரே உதையாகக் குழாய் மேல் செலுத்தும். வாயு பிளந்து வழிவிடும். முதல் உதையில் பிடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதுதான் அந்த மினுக்கல்.

பிடித்துக்கொண்ட பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை, கழற்றினாலும் விளக்கு எரியும். சோக் மட்டும் கட்டாயம் வேண்டும். வாயு வழியாக மின்சாரம் ஓட ஓட வழி இன்னும் எளிதாகிக்கொண்டே போகும். கடிவாளம் இல்லையென்றால் ஓட்டம் ஏறிக் குழாய் பாழாகும். அந்தக் கடிவாளம்தான் சோக். அதற்கும் 10, 12 வாட்ஸ் செலவாகும் என்பதால் 40 வாட்ஸ் டியூப் என்று எழுதியிருந்தால் உண்மையில் 50 என்று கணக்கு வையுங்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், முனையிலிருந்து பாயும் எலக்ட்ரான் பாதரச அணுவை மோதுகிறது. அடிவாங்கிய அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை விடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. வெளிச்சம் தருவது அந்தப் பொடி. சி.எஃப்.எல். இதே டியூப் லைட்தான், மடக்கிச் சுருட்டி அடியில் எலக்ட்ரானிக் சோக் வைத்தது.

முனை இரண்டும் கறுத்துப்போனால் சுருளின் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்டார்ட்டர் மாற்றிப் பயனில்லை, குழாயை மாற்றுங்கள்.

பட்டறையில் டியூப் லைட் மட்டும் போடக்கூடாது என்கிறார்களே?

பழைய சோக் வைத்த டியூப் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் சுற்றும் இயந்திரத்தின் மேல் விழுந்தால் விபரீதம். நான்கு ஆரம் உள்ள புல்லி நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாகக் கால் சுற்று நகர்ந்திருக்கும். ஒரு ஆரம் இருந்த இடத்தில் அடுத்தது. பார்ப்பவனுக்குப் புல்லி நிற்பது போலவே இருக்கும், கையை நீட்டிவிடுவான். லேத் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு வைத்திருப்பது இதற்காகத்தான். சூடான கம்பி நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முழுதாக ஆறிவிடாது. அதிக அதிர்வெண்ணில் ஓடும் எலக்ட்ரானிக் சோக்கிலும் இந்த ஆபத்து இல்லை. மலிவான சில எல்.இ.டி.களில் இருக்கிறது.

டியூப் உடைந்துவிட்டால் விஷமா?

மில்லிகிராம் கணக்கில் பாதரசம் இருக்கிறது. பயந்து ஓட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, குழந்தைகளுடன் கொஞ்ச நேரம் அறையைவிட்டு வெளியே இருங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பொடி பறக்கும். கெட்டி அட்டையால் வாரி, ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடையுங்கள். ஜப்பானின் மினமாட்டா கடற்கரை மக்கள் பாதரசத்தால் பட்ட பாட்டின் பெயரிலேயே ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறது. பொது வெளிச்சத்துக்கான சி.எஃப்.எல்., டியூப் லைட் இரண்டின் உற்பத்தியையும் படிப்படியாக நிறுத்த அதன்படி முடிவாகிவிட்டது. நான் டியூப்புக்குப் பெரிய ரசிகன், ஆனாலும் இந்த முடிவு சரியானது.

டெஸ்டருக்குள் எரியும் குட்டி விளக்கு எந்த வகை?

நியான். வாயுவை அடித்து ஒளி வாங்கும் இரண்டாம் வகை. நியான் அணுவுக்கு இயல்பே ஆரஞ்சு கலந்த சிவப்பு, மேலே பொடி எதுவும் பூசவில்லை. மிகச் சொற்ப மின்சாரம் போதும் என்பதால், நடுவில் பெரிய மின்தடை வைத்து, அந்தச் சொற்பத்தை உங்கள் உடல் வழியாகவே அனுப்புகிறார்கள். ரப்பர் செருப்போடு மரப்பலகை மேல் நின்றால் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொடாதீர்கள்.

தெருவில் இருந்த மஞ்சள் விளக்கில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது ஏன்?

அடுப்பில் சாம்பார் பொங்கி வழியும்போது நீலத் தீ திடீரென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். குழம்பிலிருக்கும் உப்பின் சோடியம்தான் அது. தெருவின் மஞ்சள் விளக்கும் அதே சோடியம். கல்லூரியில் நியூட்டன் வளையம் பார்க்க வைக்கும் சோடியம் விளக்கு குறைந்த அழுத்த வகை. அதன் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் மஞ்சள். அந்த வெளிச்சத்தில் சிவப்புப் புடவையும் நீலச் சட்டையும் ஒன்றுதான், திருப்பியனுப்ப அவற்றுக்கு வேறு நிறமே கிடைப்பதில்லை. தெருவில் அதிகம் இருந்தது உயர் அழுத்த வகை. அழுத்தம் கூடினால் அந்த மஞ்சள் இருபுறமும் பரந்து பொன்னிறமாகும், நிறங்கள் ஓரளவு பிரிந்து தெரியும்.

கரண்ட் போய் உடனே வந்தாலும் இந்த விளக்கு சில நிமிடம் முறைத்துக்கொண்டு நிற்கும். சூடான குழாயில் வாயு அழுத்தம் அதிகம், ஆறினால்தான் மறுபடி மின்சாரம் ஊடுருவ முடியும். பழைய பாதரசத் தெருவிளக்குக்கும், மைதானத்து மெட்டல் ஹாலைடு விளக்குக்கும் இதே குணம்.

அந்தக் காலத்து சினிமா கொட்டகையில் எந்த பல்பு?

பல்பே இல்லை. இரண்டு கரிக்குச்சி. நுனிகளைத் தொடவைத்து லேசாக விலக்கினால் இடைவெளியில் மின்சாரம் பாலம் கட்டும், நுனிக் கரி கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகக் காயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி காட்டிய வித்தை அது. எல்லா மின்விளக்குக்கும் மூத்தது. ஆரம்பத்தில் எதுவும் எரிவதில்லை என்று சொன்னதற்கு ஒரே விதிவிலக்கும் இதுதான், திறந்த காற்றில் கரி நிஜமாகவே எரிந்து தேய்கிறது. அதனால் ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துக் குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் தவறினால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். பின்னால் செனான் விளக்கு வந்தது, குச்சி தள்ளும் வேலை ஒழிந்தது.

எல்.இ.டி.யில் கம்பியும் இல்லை, வாயுவும் இல்லை. பிறகு எப்படி?

மணல்துகள் அளவு படிகம். ஒரு பக்கத்தில் எலக்ட்ரான் மிகுதி, மறுபக்கத்தில் எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் காலி. இந்தக் காலியிடத்தைத் துளை என்கிறோம். மின்சாரம் கொடுத்தால் இரண்டும் நடுக்கோட்டில் சந்திக்கும், எலக்ட்ரான் துளைக்குள் விழும். விழும்போது இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிவரும். பள்ளம் ஆழமில்லை என்றால் சிவப்பு, ஆழமானால் நீலம். எவ்வளவு ஆழம் என்பதை அந்தப் படிகம் எதனால் ஆனது என்பதே தீர்மானிக்கிறது.

1962இல் நிக் ஹாலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யைக் காட்டினார். ரேடியோவிலும் கால்குலேட்டரிலும் சிவப்பு, பச்சைப் புள்ளிகளாக அது வந்தது. நீலம் மட்டும் முப்பது வருடம் கைக்கு வரவில்லை. அதற்குத் தேவையான காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்க்க முடியாமல் பலர் விட்டுவிட்டார்கள். ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் விடவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீலம் வந்தது. 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீலத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அணைந்த எல்.இ.டி. பல்பின் மூடியைத் திறந்து பார்த்தால் மஞ்சள் பொட்டு பொட்டாக இருக்கும். அடியில் நீல ஒளி விடும் படிகம், மேலே மஞ்சள் பொடி. நீலத்தில் ஒரு பகுதியைப் பொடி மஞ்சளாக மாற்ற, மிச்ச நீலமும் அதுவும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. டியூப் லைட்டின் பொடி வித்தைதான், பாதரசம் இல்லாமல்.

60 வாட்ஸ் குண்டு பல்பு தரும் 700 லூமென் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி. தாராளமாகத் தந்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் எங்கே, 2.7 யூனிட் எங்கே! 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கி 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளை விநியோகித்த பிறகு விலையும் எல்லோருக்கும் எட்டியது.

அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஆறே மாதத்தில் போய்விட்டதே?

படிகம் உழைக்கும். கூட இருப்பவைதான் உழைப்பதில்லை. குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும், எல்.இ.டி.யின் சூடோ உடம்புக்குள்ளேயே தங்கி அடிப்பாகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். காற்றுப் புகாத கண்ணாடி குளோபுக்குள் மாட்டினால் அவிந்துபோகும். முதலில் சாவது டிரைவரில், அதாவது வீட்டு மின்சாரத்தைப் படிகத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டில், இருக்கும் கண்டென்சர். அடுத்தது, வரிசையாகக் கோத்த பொட்டுகளில் ஒன்று கருகினால் மொத்தமும் அணையும். திறந்து பார்த்தால் கறுப்புப் புள்ளியோடு அது தெரியும். அந்த ஒன்றை மட்டும் ஈயம் வைத்து இணைத்து ஓட்டுகிறார்கள். மற்றவை கூடுதல் சுமை தாங்கிச் சீக்கிரம் போகும், பலகை முழுக்க ஷாக் அடிக்கும் மெயின் மின்சாரமும் இருக்கும். வேண்டாம்.

கடையில் பார்த்த பட்டுப்புடவை வீட்டில் வேறு நிறமாகத் தெரிகிறது. புடவை மாறிவிட்டதா?

விளக்குதான் மாறியது. புடவை, தன் மேல் விழும் நிறங்களில் சிலவற்றைத் திருப்பியனுப்பும், அவ்வளவுதான். குண்டு பல்பில் வானவில்லின் எல்லா நிறமும் தொடர்ச்சியாக உண்டு, சிவப்பு தூக்கலாக. மலிவான எல்.இ.டி.யில் நீலமும் மஞ்சளும் இருக்கும், அடர்சிவப்பு குறைவு. அரக்கும் மெரூனும் செத்துத் தெரியும். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கிற அம்மாக்கள் செய்வதுதான் சரியான சோதனை. விளக்கு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள், 90க்கு மேல் இருந்தால் நிறம் நன்றாகத் தெரியும். பக்கத்திலேயே கெல்வின் எண் இருக்கும். 2700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள் சாயல், உண்மையில் அந்தக் கம்பியின் வெப்பநிலையே ஏறக்குறைய அதுதான் (கெல்வினில் 273ஐக் கழித்தால் செல்சியஸ்). 6500 என்றால் பகல் வெள்ளை. படுக்கையறைக்கு முதலாவதையே சொல்வேன்.

ஸ்விட்ச் ஆஃப் செய்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது. பேயா, பல்பு கோளாறா?

இரண்டும் இல்லை, பெரும்பாலும் வயரிங். எல்.இ.டி.க்கு ஒளிர மிகச் சொற்ப மின்சாரம் போதும். ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் துளியே போதுமானது. நீளமான ஒயர்கள் அருகருகே ஓடினாலும் துளி தாவும். இவை தொல்லை, அவ்வளவு ஆபத்தில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். ஸ்விட்சை, மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருப்பார்கள். அப்படியானால் ஸ்விட்ச் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். குண்டு பல்பு இருந்த காலத்தில் இது கண்ணுக்கே தெரியாமல் பல வீடுகளில் வருடக்கணக்காக இருந்தது. அந்தத் துளி மின்சாரத்தில் டங்ஸ்டன் சிவக்கக்கூட செய்யாது. எல்.இ.டி. காட்டிக்கொடுத்துவிட்டது. எலெக்ட்ரீஷியனை அழைத்து, ஸ்விட்சைப் பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவரை அந்த ஹோல்டரில் பல்பு மாற்றுவதாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள்.